உயிருக்குள் ஒழுங்கு தானாக உருவாக குவாண்டம் தேவையா?

வினாவி:

கொஞ்ச காலமாக இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன், படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஒரு பக்கம் வேதியியலாளர் பிரிகோஜின் வழியில் வந்தவர்கள், சமநிலையிலிருந்து விலகி நிற்கும் அமைப்பில் ஒழுங்கு தானாகவே முளைக்கும், உயிரும் அப்படித்தான் என்கிறார்கள். இன்னொரு பக்கம், செல்லுக்குள் இத்தனை கோடி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பொருந்தி வேலை செய்வதைச் சாதாரண இயற்பியலால் விளக்கவே முடியாது, உள்ளே குவாண்டம் ஒத்திசைவு (பல குவாண்டம் நிலைகள் அலைகள்போல் ஒன்றோடொன்று இசைந்து நிற்பது) இருக்கிறது, அதுதான் எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் கட்டிவைத்திருக்கிறது என்று சொல்பவர்கள். இவர்கள் ஆதாரமாக எப்போதும் காட்டுவது மூன்று: ஒளிச்சேர்க்கை, பறவைகளின் திசை அறிவு, மூளை.

என் கேள்வி இதுதான். தன்னொழுங்கும் குவாண்டம் விளைவும் ஒரே விஷயத்தின் இரண்டு பெயர்களா, இல்லை இரண்டு வேறு விஷயங்களை யாரோ சேர்த்துக் கட்டிவிட்டார்களா? வேறு வேறு என்றால் உயிருக்குள் இவை எங்காவது சந்திக்கின்றனவா? கல்லூரி அளவு இயற்பியல் தெரியும், உயிரியல் அவ்வளவாகத் தெரியாது, அதற்கேற்ப சொன்னால் நல்லது.

மந்தவாயு:

வேறு வேறுதான். தன்னொழுங்குக்கு குவாண்டம் ஒத்திசைவு தேவையில்லை, இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மெல்லிய திரவப் படலம் ஒன்றைக் கீழிருந்து சூடாக்கினால், ஒரு கட்டம் வரை வெப்பம் சத்தமில்லாமல் கடத்தப்பட்டு மேலே போகும். வெப்பநிலை வேறுபாடு ஒரு வரம்பைத் தாண்டியதும் திரவம் முழுக்க ஒரே அளவிலான அறைகளாகப் பிரிந்து சுழல ஆரம்பிக்கும். பெனார் இதை 1900ல் ஆராய்ந்தார். அந்த வரம்பு எங்கே இருக்கும் என்பதற்கான கணக்கை 1916ல் ரேலி போட்டுக் காட்டினார், மேலும் கீழும் கெட்டியான தட்டுகள் இருந்தால் ரேலி எண் (மிதப்பு விசை எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்பதன் அளவு) 1708ஐத் தாண்ட வேண்டும். (பெனார் பார்த்த அறுகோணங்களை உண்டாக்கியது பெரும்பாலும் பரப்பு இழுவிசை, ரேலி கணக்கிட்ட மிதப்பு விசை அல்ல என்று 1950களில் தெரியவந்தது. அது தனிக் கதை.) இங்கே கோடானுகோடி மூலக்கூறுகள் ஒரே ஒழுங்கில் நகர்கின்றன, ஆனால் ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறோடு மோதுவதைத் தவிர வேறு எந்தத் தொடர்பும் கிடையாது. அறையின் அளவை முடிவுசெய்வது படலத்தின் தடிமன். மூலக்கூறின் அளவுக்கு அதில் பங்கே இல்லை. அடுப்பை அணைத்தால் எல்லாம் கலைந்துவிடும்.

இந்தக் கடைசி வரி முக்கியம், ஏனென்றால் தானாக அமைவதிலேயே இரண்டு வகை இருக்கிறது, பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கொழுப்பு மூலக்கூறுகள் தண்ணீரில் சேர்ந்து சவ்வாவது, புகையிலை மொசைக் வைரஸின் புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியாகப் பிரித்து மறுபடி ஒன்றாகப் போட்டால் தொற்றக்கூடிய வைரஸாகவே கூடிவிடுவது (1955ல் பெர்க்லியில் செய்து காட்டினார்கள்) இவையெல்லாம் சமநிலையை நோக்கிப் போவது. கட்டற்ற ஆற்றல் குறைகிறது, அமைப்பு நிலைக்கிறது, அதற்குப் பிறகு யாரும் ஆற்றல் ஊட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பெனார் அறை அப்படி இல்லை, ஆற்றல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது இருக்கும். பிரிகோஜினுக்கு 1977ல் வேதியியல் நோபல் கிடைத்தது இந்த இரண்டாவது வகையைப் பற்றிய வேலைக்காக.

சரி, உயிருக்குள் வருவோம். எனக்குப் பிடித்த உதாரணம் ஈ.கோலை பாக்டீரியா. சில மைக்ரோமீட்டர் நீளமுள்ள குச்சி, சரியாக நடுவில் பிளந்து இரண்டாக வேண்டும். நடு எது என்று அதற்கு எப்படித் தெரியும்? மின்-டி, மின்-ஈ என்று இரண்டு புரதங்கள். மின்-டி, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி.யைப் பிடித்துக்கொண்டு சவ்வில் போய் ஒட்டுகிறது, மின்-ஈ வந்து அந்த ஏ.டி.பி.யை உடைக்கவைத்து அதைச் சவ்விலிருந்து கழற்றிவிடுகிறது. கழன்றது செல்லுக்குள் அலைந்து, ஏ.டி.பி.யை மறுபடி ஏற்றிக்கொண்டு வேறோர் இடத்தில் ஒட்டுகிறது. இவ்வளவுதான் விதி. இதன் விளைவு, புரதக் கூட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கும் அங்கிருந்து இங்கேயும் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் ஊசலாடுகிறது. சராசரியாகப் பார்த்தால் பிளவைத் தடுக்கும் இந்தக் கூட்டம் நடுவில்தான் மிகக் குறைவு, அதனால் பிளவு வளையம் அங்கே உருவாகிறது. 2008ல் இந்த இரண்டு புரதங்களையும் ஏ.டி.பி.யையும் மட்டும் எடுத்து ஒரு தட்டையான செயற்கைச் சவ்வின் மேல் விட்டார்கள், செல்லே இல்லாமல் அலைகள் ஓடின. இதை விளக்கும் சமன்பாடுகள் வினையும் விரவலும் (மூலக்கூறுகள் பரவுவதும்) மட்டும் கொண்டவை, 1952ல் கணிதவியலாளர் டூரிங் எழுதிய அதே குடும்பம். குவாண்டத்தின் அடையாளமான பிளாங்க் மாறிலி அவற்றில் எங்கேயும் வராது.

வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி (மொத்த என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மை, குறையாது என்பது) மீறப்படுகிறதா என்று அடுத்து யாராவது கேட்பார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பூமி சூரியனிடமிருந்து வாங்கும் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் பதிலாக ஏறக்குறைய இருபது ஃபோட்டான்களை அகச்சிவப்பாக விண்வெளிக்குத் திருப்பி அனுப்புகிறது. வந்த ஆற்றலும் போகும் ஆற்றலும் கிட்டத்தட்ட சமம், போகும் என்ட்ரோபி பல மடங்கு அதிகம். உயிர் தனக்குள் சேர்க்கும் ஒழுங்கு இந்தக் கணக்கில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

கண்ணாடிக்கதவு:

மந்தவாயு சொல்வது சரிதான், ஆனால் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்திவிட்டார் என்று தோன்றுகிறது. மின்-டி என்ற மூலக்கூறு அந்த வடிவத்தில் நிற்பதே குவாண்டம் இயற்பியலால்தானே? ஷ்ரோடிங்கர் 1943ல் டப்ளினில் பேசியபோது முன்வைத்த வாதமே இதுதான்: மரபுப் பொருள் மிகச் சிறியது, சுற்றிலும் வெப்பக் கொந்தளிப்பு, அப்படியிருந்தும் அது தலைமுறை தலைமுறையாக மாறாமல் நிற்கிறது என்றால் குவாண்டம் நிலைகளுக்கு இடையே இருக்கும் ஆற்றல் இடைவெளிதான் காரணம். அப்புறம் 1968ல் இயற்பியலாளர் ஃப்ரோலிக், செல்லுக்குள் ஆற்றலை ஊட்டிக்கொண்டே இருந்தால் அதிர்வுகள் எல்லாம் ஒரே அதிர்வெண்ணில் போய்க் குவியலாம் என்று கணக்குப் போட்டார். சமநிலையிலிருந்து விலகிய அமைப்பு, கூட்டு ஒத்திசைவு, இரண்டும் ஒரே இடத்தில். லேசர் இப்படித்தானே வேலை செய்கிறது? செல்லில் மட்டும் ஏன் கூடாது? மூளை செல்களின் நுண்குழல்களில் (செல்லுக்குச் சட்டகமாக நிற்கும் புரதக் குழாய்கள்) அப்படி ஏதோ நடக்கிறது என்று இயற்பியலாளர் பென்ரோஸ் போன்ற ஒருவர் சொல்லும்போது அதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

நொதிக்காரன்:

ஷ்ரோடிங்கர் வாதம் சரி, ஆனால் அந்த அர்த்தத்தில் பார்த்தால் நாற்காலியும் குவாண்டம்தான். எல்லாப் பிணைப்பும் குவாண்டம், அதை யாரும் மறுக்கவில்லை. வினாவி கேட்பது வேறு என்று நினைக்கிறேன்: செவ்வியல் இயற்பியலில் நடக்கவே நடக்காத ஒன்று, உயிருள்ள செல்லின் வெப்பத்தில் நடந்து, அதனால் உயிரின் வேலை மாறுகிறதா? மாறுகிறது, சில இடங்களில் உறுதியாகவே.

நான் நொதிகளோடு வேலை செய்கிறேன், அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். அறை வெப்பநிலையில் ஒரு புரோட்டானின் வெப்ப அலைநீளம் (அதன் குவாண்டம் அலை பரந்திருக்கும் அளவு) ஏறக்குறைய 1 ஆங்ஸ்ட்ராம், அதாவது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. நொதிக்குள் ஒரு ஹைட்ரஜன் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர வேண்டிய தூரமும் அதே அளவுக்கு நெருக்கம். அப்படியென்றால் அது ஆற்றல் மேட்டை ஏறிக் கடக்க வேண்டியதில்லை, ஊடுருவியே போகலாம், அதுதான் டன்னலிங். உண்மையிலேயே அப்படிப் போகிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு, ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியத்தைப் போட்டுப் பார்ப்பது. வேதியியல் அதேதான், எடை மட்டும் இரட்டிப்பு. டன்னலிங் இல்லாத கணக்குப்படி அறை வெப்பநிலையில் வினை ஏழு மடங்கு போல மெதுவாகலாம். சோயாபீன்ஸில் இருக்கும் லிப்பாக்ஸிஜினேஸ் என்ற நொதியில் அது எண்பது மடங்கை ஒட்டி மெதுவாகிறது. எடை கூடினால் ஊடுருவும் வாய்ப்பு செங்குத்தாகச் சரியும், அதைத்தான் அந்த எண் காட்டுகிறது. ஜூடித் கிளின்மன் குழு 1989லேயே ஆல்கஹால் டிஹைட்ரஜினேஸ் என்ற இன்னொரு நொதியில் டன்னலிங்குக்கு ஆதாரம் காட்டிவிட்டது.

எலக்ட்ரான் இன்னும் லேசு, அதனால் அதற்கு இது அன்றாட வேலை. டிவோல்ட், சான்ஸ் இருவரும் 1966ல் ஒரு ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவைக் குளிரூட்டிக்கொண்டே போய் எலக்ட்ரான் மாற்றத்தின் வேகத்தை அளந்தார்கள். முதலில் குறைந்துகொண்டே வந்த வேகம் 100 கெல்வினுக்குக் கீழே போனதும் குறைவதை நிறுத்திக்கொண்டது. மேட்டை ஏறுவதற்கு வெப்பமே இல்லாத இடத்திலும் எலக்ட்ரான் போய்க்கொண்டிருந்தது.

இப்போது ஒளிச்சேர்க்கை. இதில் இணையத்தில் சுற்றுவது பழைய கதை. 2007ல் பெர்க்லியில் ஃப்ளெமிங் குழு பச்சைக் கந்தக பாக்டீரியாவின் எஃப்.எம்.ஓ. என்ற நிறமிப் புரதத்தை 77 கெல்வினில் லேசர் துடிப்புகளால் பார்த்தது, 660 ஃபெம்டோ வினாடி வரை நீடித்த அலைவுகள் கிடைத்தன. ஆற்றல் எல்லாப் பாதைகளிலும் ஒரே நேரத்தில் போய்ப் பார்த்துச் சிறந்த பாதையைத் தேர்ந்தெடுக்கிறது என்ற விளக்கம் பரவியது இதற்குப் பிறகுதான். 2010ல் அதே அலைவுகள், நீளம் குறைந்து, 277 கெல்வினிலும் தெரிந்தன. ஆனால் 2017ல் இன்னொரு குழு அறை வெப்பநிலையில் அளந்து, எலக்ட்ரான் நிலைகளுக்கு இடையேயான ஒத்திசைவு 60 ஃபெம்டோ வினாடிக்குள் போய்விடுகிறது என்றது. 2020ல் இந்தத் துறையில் பல ஆண்டுகள் உழைத்த ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து ஒரு மீளாய்வு எழுதினார்கள், முதலில் பார்த்த நீண்ட அலைவுகள் பெரும்பாலும் மூலக்கூறு அதிர்வுகள், ஆற்றல் கடத்தலுக்கு அவை காரணம் அல்ல என்பது அதன் முடிவு. எஃப்.எம்.ஓ. வழியாக ஆற்றல் கடக்க ஆகும் நேரம் பிக்கோ வினாடிகள் (ஒரு பிக்கோ வினாடி ஆயிரம் ஃபெம்டோ வினாடி), அதாவது ஒத்திசைவு போன பிறகும் நெடுநேரம்.

கூடவே ஒன்று. "ஒளிச்சேர்க்கை கிட்டத்தட்ட நூறு சதவீதத் திறன் கொண்டது, அதனால் குவாண்டம்" என்ற வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் நம்ப வேண்டாம். உறிஞ்சிய ஃபோட்டான்களில் எத்தனை வினை மையத்தை (எலக்ட்ரான் மாற்றம் தொடங்கும் இடம்) சென்றடைகின்றன என்ற கணக்கில்தான் அந்த நூறு வருகிறது. கிளர்ந்த நிறமி சும்மா விட்டால் அணைந்துபோக நானோ வினாடிகள் ஆகும், பக்கத்து நிறமிக்குத் தாவ ஆகும் நேரம் பிக்கோ வினாடி அளவு, அப்படியிருக்கும்போது சாதாரணத் தாவல் போதுமே, பெரும்பாலானவை போய்ச் சேர்ந்துவிடும். சூரிய ஒளியிலிருந்து தாவரப் பொருளாகச் சேர்வது வரை மொத்தமாகப் பார்த்தால் திறன் சில சதவீதம்தான். ஆனாலும் குவாண்டம் அங்கே இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், கிளர்ச்சி ஒரே நிறமியில் நிற்காமல் பக்கத்தில் இருக்கும் சிலவற்றின் மேல் பரந்து நிற்பது உண்மை, எந்த நிறத்தை உறிஞ்சும், எவ்வளவு வேகமாகக் கடத்தும் என்பது அதனால் மாறுகிறது.

வினாவி:

மிக்க நன்றி, டியூட்டீரியம் சோதனை எனக்குப் புதிது. இப்போது பறவை விஷயம் உறுத்துகிறது. நொதியில் தூரம் 1 ஆங்ஸ்ட்ராம், சரி. ஆனால் பூமியின் காந்தப்புலம் ஐம்பது மைக்ரோடெஸ்லா அளவு, அது ஒரு எலக்ட்ரான் ஸ்பின்னுக்குக் கொடுக்கும் ஆற்றலைப் போட்டுப் பார்த்தேன், அறை வெப்பத்தின் ஆற்றலில் கோடியில் ஒன்றிரண்டு பங்குதான் வருகிறது. கோடி மடங்கு இரைச்சலுக்கு நடுவில் இதை ஒரு மூலக்கூறு எப்படி உணரும்? இது நடக்காது என்றுதானே கணக்கு சொல்கிறது?

தெற்குமுனை:

உங்கள் கணக்கு சரி. ஆனால் அது பொருந்துவது சமநிலையில் இருக்கும் அமைப்புக்கு. பறவையின் கண்ணில் இருப்பதாகச் சொல்லப்படும் அமைப்பு சமநிலையில் இல்லை, அதில்தான் எல்லாமே இருக்கிறது.

1978ல் இயற்பியலாளர் ஷூல்டனும் கூட்டாளிகளும் சொன்ன யோசனை இது. நீல ஒளியின் ஃபோட்டான் ஒன்று, ஆற்றல் இரண்டரை எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல், ஒரு புரதத்தில் விழுந்து ஒரு எலக்ட்ரானை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவவைக்கிறது. இப்போது தனித்து நிற்கும் இரண்டு எலக்ட்ரான்கள், ஒரு ராடிக்கல் இணை. பிறக்கும்போதே அவற்றின் ஸ்பின்கள் ஒன்றுக்கொன்று எதிராகக் கோர்த்துத்தான் பிறக்கின்றன, ஏனென்றால் தாவும்போது ஸ்பின் மாறுவதில்லை. அதற்குப் பிறகு பக்கத்து அணுக்கருக்களின் காந்தமும் பூமியின் காந்தமும் சேர்ந்து இந்த இணையை ஒற்றை நிலைக்கும் (ஸ்பின்கள் எதிரெதிராகக் கோர்த்தது) மும்மை நிலைக்கும் (இணையாக நிற்பது) இடையே ஆட்டுகின்றன. ஒற்றை நிலையில் இருக்கும்போது ஒரு வழியாக வினை முடியும், மும்மை நிலையில் வேறு வழியாக. புலத்துக்கு எதிரே மூலக்கூறு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு விளைபொருளின் விகிதம் மாறும். ஆற்றல் முழுவதையும் கொடுத்தது ஃபோட்டான், காந்தப்புலம் வழியை மட்டும் மாற்றுகிறது. ரயிலைத் தள்ள வலு இல்லாதவரும் தண்டவாளத்தின் பாயிண்டை மாற்றிவிடலாம் அல்லவா.

வெப்பம் இதை ஏன் கலைக்கவில்லை என்றால், மூலக்கூறு எப்படிக் குலுங்கினாலும் அந்தக் குலுக்கல் எலக்ட்ரான் ஸ்பின்னை எளிதில் தொடுவதில்லை, ஸ்பின் சமநிலைக்கு வந்து சேர மைக்ரோ வினாடி அளவு ஆகும். ஐம்பது மைக்ரோடெஸ்லாவில் ஸ்பின் ஒருமுறை சுற்றி வரவும் கிட்டத்தட்ட அதே நேரம்தான், 0.7 மைக்ரோ வினாடி. எனவே இணை அவ்வளவு நேரம் உயிரோடு இருந்தால் போதும். ஃபெம்டோ வினாடிகளில் கலையும் ஒளிச்சேர்க்கை ஒத்திசைவோடு இதை ஒப்பிட்டால் ஏறக்குறைய கோடி மடங்கு நீளம், அதனால்தான் இந்தக் கருதுகோளை நான் தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன்.

ஆதாரங்கள் என்று பார்த்தால், ஐரோப்பிய ராபின் நீல, பச்சை ஒளியில் திசை அறிகிறது, சிவப்பில் தடுமாறுகிறது. வடமுனையா தென்முனையா என்று அது பார்ப்பதில்லை, புலக்கோடு எந்தச் சாய்வில் இறங்குகிறது என்றுதான் பார்க்கிறது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் பல்கலைக்கழக வளாகத்தில் வைத்த பறவைகளுக்குத் திசையே பிடிபடவில்லை, குடிலைச் சுற்றி அலுமினியத் தகடு போட்டு அதற்கு எர்த் இணைப்பு கொடுத்ததும் சரியாகிவிட்டன. சுற்றுப்புறத்து மின்சாதனங்களிலிருந்து வரும் மிக மெல்லிய ரேடியோ இரைச்சல்தான் காரணம் என்று 2014ல் எழுதினார்கள். 2021ல் ராபினின் கண்ணில் ஒளியை உணரும் கிரிப்டோகுரோம்-4 புரதத்தைத் தனியே தயாரித்துச் சோதித்தார்கள், காந்தப்புலத்துக்கு அது அசைந்து கொடுத்தது, கோழி, புறா இவற்றின் அதே புரதத்தைவிட அதிகமாகவே. ஆனால் அந்தச் சோதனையில் வைத்த புலம் மில்லிடெஸ்லா கணக்கு, பூமியின் புலத்தைவிடப் பல மடங்கு பெரிது. பறவையின் விழித்திரைக்குள் நிஜப் புலத்தில் அது நடப்பதை இன்னும் யாரும் காட்டவில்லை. வலுவான கருதுகோள், அவ்வளவுதான்.

கண்ணாடிக்கதவு:

சமநிலையில் இல்லை என்பதுதான் எல்லாமே என்றால், நான் சொன்ன நுண்குழலுக்கும் அதே சலுகையைக் கொடுக்கலாமே?

மந்தவாயு:

சலுகை கொடுக்கலாம், எண்ணையும் கொடுக்க வேண்டும். இயற்பியலாளர் டெக்மார்க் 2000ல் கணக்குப் போட்டார்: நரம்பு செல்லிலும் நுண்குழலிலும் ஒத்திசைவு நிற்கும் நேரம் 10இன் அடுக்கு −13 முதல் −20 வினாடி வரை, நரம்புத் துடிப்புக்கோ மில்லி வினாடி வேண்டும். நுண்குழலில் குவாண்டம் உண்டு என்ற தரப்பு 2002ல் வேறு ஊகங்களோடு பதில் சொன்னது, அப்படியும் அவர்களுக்குக் கிடைத்தது பத்து முதல் நூறு மைக்ரோ வினாடி. பறவையின் விஷயத்தில் ஒரே ஒரு இணை ஸ்பின், வெப்பத்திலிருந்து விலகி நிற்கும் ஸ்பின். இங்கே கேட்பதோ மின்சுமையோடு தண்ணீருக்குள் முங்கிக்கிடக்கும் ஆயிரக்கணக்கான புரதங்களின் கூட்டு நிலை. இரண்டும் ஒன்றல்ல.

லேசர் உதாரணம் நல்லதுதான், இயற்பியலாளர் ஹாக்கன் அதிலிருந்துதான் தன்னொழுங்கைப் பற்றிய தன் சிந்தனையையே தொடங்கினார். ஆனால் கவனியுங்கள், லேசர் வரம்பைத் தாண்டும் கணிதமும் பெனார் அறை பிறக்கும் கணிதமும் ஒரே வடிவம். அந்த ஒற்றுமை சொல்வது என்னவென்றால் இந்த வகை ஒழுங்குக்கு உள்ளே இருக்கும் பொருள் எது என்பது ஒரு பொருட்டே இல்லை என்பது. செல் ஒரு லேசர் என்று அதிலிருந்து வராது.

நுண்குழல் உண்மையிலேயே அற்புதமான பொருள், குவாண்டம் கதையால் அது மறைந்துபோவதுதான் எனக்கு வருத்தம். ஏ.டி.பி. போன்ற இன்னொரு ஆற்றல் மூலக்கூறான ஜி.டி.பி.யை உடைத்துக்கொண்டு அது வளரும், திடீரென்று சரிந்து சுருங்கும், மறுபடி வளரும், 1984ல் மிட்சிசனும் கிர்ஷ்னரும் காட்டியது. 1997ல் நுண்குழலையும் இயக்கிப் புரதத்தையும் ஏ.டி.பி.யையும் சேர்த்து வைத்ததில் நட்சத்திரங்களும் சுழல்களும் தானாக உருவாயின.

வினாவி:

அப்படியென்றால் இரண்டும் எங்குமே சந்திக்கவில்லையா?

நொதிக்காரன்:

சந்திக்கின்றன, ஆனால் யாரும் வீடியோ போடாத இடத்தில். மந்தவாயு சொன்ன மின்-டி அலைக்கு ஏ.டி.பி. வேண்டும். ஆக்ஸிஜன் இருக்கும்போது ஈ.கோலை அதைப் பெரும்பாலும் சுவாசத் தொடரிலிருந்து எடுக்கிறது. அந்தத் தொடரின் முதல் பெரிய புரதத்தில் இரும்பு-கந்தகக் கொத்துகள் ஏறக்குறைய 90 ஆங்ஸ்ட்ராம் நீளத்துக்கு வரிசையாக நிற்கின்றன, எலக்ட்ரான் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு டன்னலிங் முறையில் தாவிப் போகிறது. தூரம் ஒன்றரை இரண்டு ஆங்ஸ்ட்ராம் கூடினால் வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும், இப்படிப்பட்ட புரதங்களை வரிசையாக அளந்து பார்த்தவர்கள் 1999ல் கண்டது, தாவல்கள் 14 ஆங்ஸ்ட்ராமுக்குள் அடங்குகின்றன என்று. அந்த எலக்ட்ரான் ஓட்டம் புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது, அவை திரும்பி உள்ளே வரும் வழியில் ஏ.டி.பி. தயாராகிறது, அதை உடைத்துத்தான் மின்-டி ஊசலாடுகிறது. குவாண்டம் நடப்பது ஆங்ஸ்ட்ராம் தூரத்தில், ஒழுங்கு பிறப்பது மைக்ரோமீட்டர் தூரத்தில், நடுவே ஏ.டி.பி. என்ற சாதாரண மூலக்கூறு.

மந்தவாயு:

அந்த இணைப்பையும் அறுத்துப் பார்க்கலாம். ஆக்ஸிஜனை நிறுத்தி குளுக்கோஸ் மட்டும் கொடுங்கள், ஈ.கோலை நொதித்தல் வழியில் ஏ.டி.பி. செய்துகொண்டு வளரும், நடுவில் பிளக்கவும் செய்யும். ஏ.டி.பி. எந்த வழியில் வந்தது என்று மின்-டிக்குத் தெரியாது.

கண்ணாடிக்கதவு:

நொதித்தலிலும் ஒரு படியில் ஹைட்ரைடு (இரண்டு எலக்ட்ரான்களோடு நகரும் ஹைட்ரஜன்) ஒன்று தாவியாக வேண்டுமே!

நொதிக்காரன்:

தாவுகிறது. அதில் எவ்வளவு டன்னலிங் என்பதை டியூட்டீரியம் போட்டு அளந்துவிட்டு வந்து பேசுவோம்.